கடைசி அமைச்சரவைக் கூட்டமும் ஒரு பூட்டுக்கடையும்

தேர்தலில் மண்ணைக் கவ்விய அரசுக்கும் விருந்து முடிந்த கூடத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நாற்காலிகள் அப்படியே இருக்கும். உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் எழுந்து போக மனசு வராது.

மறுநாள் காலை புதிய ஆட்சி பதவியேற்கிறது. பழைய அமைச்சரவை கடைசி முறையாகக் கூடியிருந்தது. சுவரிலிருந்து படங்களைக் கழற்றிவிட்டார்கள். படம் இருந்த இடங்களில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. பீங்கான் கோப்பைகளைப் புது ஆட்களிடம் ஒப்படைக்க எடுத்துப் போய்விட்டதால் டீ காகிதக் கோப்பையில் வந்தது. அதையும் யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லக்கூடத் தெம்பு வேண்டுமே.

கூட்டத்துக்கு ஒரே வேலைதான். இத்தனை வருஷத்தில் என்ன கிழித்தோம் என்பதைச் சாதனை அறிக்கையாக எழுதி, சாயங்காலம் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. பதவிக்கு வந்த புதிதில் தலைவருக்கு யார் பெயரும் நினைவில் நிற்கவில்லை. அதனால் எல்லோரையும் துறையின் பெயராலேயே கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

"என்ன நீர்ப்பாசனம், அதுக்குள்ள கண்ணு சொருகுது?" என்றார் தலைவர்.

"தூங்கலைங்க. கண்ணை மூடி யோசிச்சிட்டிருக்கேன்."

"இத்தனை வருஷமா யோசிச்சது போதும். எதையாவது சொல்லுங்க."

"அணைக்கட்டைச் சேர்த்துக்கலாமே?"

"அது போன ஆட்சியில கட்டினது," என்றார் நிதி.

"பெயின்ட் நாமதானே அடிச்சோம்?"

"எழுதிக்க," என்றார் தலைவர் செயலாளரிடம். "அணைக்கட்டைப் புதுப்பிச்சோம்."

இப்படியே போயிற்று பேரம். கல்வி, தன் துறையை முதல் பக்கத்தில் போடச் சொன்னார். சாலை, அப்படியானால் தன்னுடையது அதற்கு மேலே வர வேண்டும் என்றார். போட்ட சாலைகளின் நீளத்தை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் கூட்டினார். நிதி பக்கத்தில் உட்கார்ந்து அதைக் குறைத்துக்கொண்டே வந்தார். சத்தம்தான் இருந்ததே தவிர சூடு இல்லை. ஆறிப்போன டீயை ஆற்றுவதுபோல ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அது தலைவரே எழுதியது. 'நாட்டின் வணிகத்தையே மாற்றியமைத்த மாபெரும் வணிக வளாகத்தை அமைத்தோம்.' அதை வாசிக்க வேண்டியவர் வணிகத்துறை அமைச்சர். அந்த அறையில் அவருக்கு வணிகம் என்று பேர். பிறந்து வளர்ந்த தெருவில் சாவி என்று பேர். பூட்டுக்கடைக்காரர் மகனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அன்று காலையிலிருந்து சாவியின் மனசு கூட்டத்தில் இல்லை. அக்கா போன் செய்திருந்தாள்.

பல மாதமாக அவரிடம் பேசாமல் இருந்த அக்கா. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "ஆணியம்மா நம்ம பழைய கடை இடத்தை இன்னிக்குக் கடை சாத்தறதுக்குள்ள சைக்கிள் கடைக்காரருக்குக் குடுத்துடுவாங்களாம். நாளைக்கு அவரு அலமாரி அடிக்கிறாரு. நீ நேர்ல போய்க் கேட்டாத்தான் உண்டு. நீ கேக்க மாட்டேன்னு தெரியும். நாளைக்கு நீ எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது பாரு, அதுக்காகச் சொல்றேன்." வைத்துவிட்டாள்.

ஆணியம்மா பழைய தெருவின் ஆணிக்கடைக்காரி. விஷயம் இதுதான். அப்பா நடத்திய பூட்டுக்கடையை, சாவி அரசியலுக்குப் போனபோது அக்கா புருஷன் எடுத்து நடத்தினார். பழைய தெருவில் நல்ல ஓட்டம். பிறகு வளாகம் வந்தது. கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், மாடிக்கு மாடி எஸ்கலேட்டர். தெருக்காரர்கள் ஒருவரும் போகவில்லை. திறந்துவைத்த கட்டடம் காலியாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? சாவி போய் அத்தானைக் கூப்பிட்டார். "நீங்க வந்தா மத்தவங்க தானா வருவாங்க அத்தான்." அத்தான் மச்சினன் பேச்சைத் தட்டாதவர். போனார். அவருக்குப் பின்னால் யாரும் போகவில்லை.

வளாகத்தை வரைந்தவர்களுக்கு ஒரு எண்ணம். ஒரே மாதிரிக் கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்வார்கள். எனவே மாடிக்கு ஒரு பூட்டுக்கடை, மாடிக்கு ஒரு கயிற்றுக்கடை. வாசலில் விலைப் பலகை. படித்தவர்கள் போட்ட கணக்கு. காகிதத்தில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பூட்டு வாங்குகிறவன் எந்தக் காலத்தில் முதல் கடையில் வாங்கினான்? விலை கேட்பான், முகத்தைச் சுளிப்பான், பூட்டைத் திருப்பி வைத்துவிட்டு நடக்கத் தொடங்குவான். அந்த நடையில் ஒரு நிதானம் இருக்கும். முதுகில் காது முளைத்திருக்கும். "சரி வாங்க, உங்களுக்காக" என்று பின்னாலிருந்து குரல் வர வேண்டும். வராவிட்டால் பக்கத்துப் பூட்டுக்கடை இருக்க வேண்டும். வளாகத்தில் அத்தான் கடைக்கு எதிரிலேயே எஸ்கலேட்டர். முறுக்கிக்கொண்டு திரும்பிய வாடிக்கையாளர் அதில் கால் வைத்துவிடுவார். அத்தான் பின்னாலேயே ஓடி வந்து கூப்பிடுவார். அவரும் ஆசையாகத் திரும்பிப் பார்ப்பார்; பார்த்தபடியே கீழே போய்க்கொண்டிருப்பார். அத்தான் எவ்வளவு விலையை இறக்கினாலும் எஸ்கலேட்டர் அதைவிட வேகமாக ஆளை இறக்கியது.

அத்தான் ஒரு முறைகூட மச்சினனைத் திட்டவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து அக்கா பேச்சை நிறுத்தினாள்.

பழைய தெருவுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் கடையைக் காலி செய்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் அந்த இடத்தில் மூட்டையை அடுக்குவார்கள். அலமாரி அடிக்க மாட்டார்கள். மூட்டையை நகர்த்திவிடலாம், அலமாரியைப் பிடுங்கினால் சண்டை. அலமாரி ஏறாதவரை போனவருக்கு அந்த இடத்தில் பாத்தியதை உண்டு. தானாகப் போனவர் தானே வந்து கேட்கலாம். இன்னொருவர் பேச்சைக் கேட்டுப் போனவருக்கு, கூட்டிப் போனவர்தான் வந்து கேட்க வேண்டும். வியாபார நேரத்தில், நாலு பேர் காதில் விழும்படி, நான் செய்தது தப்பு என்று சொல்லிக் கேட்க வேண்டும். சும்மா விட்டால் அதே ஆள் மறுபடி வந்து இன்னொருவரைக் கிளப்பிக்கொண்டு போவார் என்பது தெருவின் நியாயம்.

மதிய இடைவேளையில் சாவி தலைவரின் அறைக்குப் போனார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்திருந்தார்.

"வா வணிகம். உக்காரு. எங்க உக்காருவ? அந்தப் பெட்டில உக்காரு, அதுல வெறும் பொன்னாடைதான்."

"தலைவரே, முதல் வரியை எடுத்துடலாம்."

"எடுத்துட்டு?"

"குடிநீர்க் குழாயைப் போடலாம். அது நிஜமாவே நாம செஞ்சது. மேட்டுத் தெருவுக்கெல்லாம் தண்ணி ஏறுது."

"குழாய் மண்ணுக்குள்ள கிடக்கு. அதை எப்படிப் படம் பிடிப்பாங்க?"

சாவி அக்கா சொன்னதைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நாளைக்குப் போய்க் கேளேன். நாளைக்கு நீ அமைச்சர் இல்லை. தெருவுல புரண்டுகூட அழலாம், யாரு கேக்கப் போறாங்க?"

"நாளைக்கு அலமாரி அடிச்சிடுவாங்க."

"ஒரு பூட்டுக்கடை."

"எங்க அக்கா வீட்டுச் சோறு தலைவரே அது."

தலைவர் காலை மாற்றி வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? போன மாசம் யாருக்கும் சொல்லாம அங்க போய்ப் பாத்தேன். நானும் வாட்ச்மேனுந்தான் ஏறி இறங்கிட்டிருந்தோம். பாவம், எனக்குக் கம்பெனி குடுக்க அவரும் வந்தாரு."

"அப்புறம் ஏன் அதையே முதல்ல போடறீங்க?"

"வேற எதுவும் அவ்வளவு பெரிசா இல்லையேப்பா."

பூட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து அமைச்சராக்கிய மனுஷன். கடைசி நாளில் அவர் முகத்தில் கரியைப் பூசுவதா? பூசாமல் இருந்தால் அத்தான் அந்தக் கண்ணாடிக் கொட்டடியில் கிடந்து சாவதா?

"போறதுன்னா போ," என்றார் தலைவர் கடைசியில். "ஆனா குறைச்சுப் பேசு. வாசல் அமைப்புல சின்னக் குறைன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு பைசா ஏறாத. தெருக்காரன்தானே நீ, பேசி முடிக்கத் தெரியாதா?"

அரசாங்கக் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு சாவி நடந்தார். சுத்தியல் சத்தம், தகரம் வெட்டும் சத்தம், விலை சொல்லும் சத்தம். யாரும் எழுந்து கும்பிடவில்லை. யாரும் முகத்தைத் திருப்பவும் இல்லை. முக்கால்வாசி போன பதவியாயிற்றே, எதற்கு எழுந்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

ஆணியம்மா முக்காலியில் உட்கார்ந்து தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் யார் வரலாம், யார் போகலாம் என்பது அவள் சொல்தான். அவள் கடைக்கும் கயிற்றுக்கடைக்கும் நடுவில் அப்பாவின் பழைய இடம். ஆணி மூட்டை ஒரு பக்கம், கயிற்றுச் சுருள் ஒரு பக்கம். சைக்கிள் கடைக்காரர் அங்கே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"வாங்க அமைச்சரே," என்றாள் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாவின்னே கூப்பிடுங்கம்மா."

"நாளைலேர்ந்து கூப்பிடறேன். இன்னிக்கு எதுக்குங்க மரியாதைக் குறைவு?"

"எங்க அத்தானுக்கு இடம் வேணும்."

"எந்த அத்தான்? பெரிய பில்டிங்ல ஏசியில உக்காந்திருக்காரே, அவரா? இங்க புழுக்கமா இருக்குமே அவருக்கு."

கயிற்றுக்கடைக்காரர் சுருளை அவிழ்ப்பதுபோல நெருங்கி வந்தார். ஆணி வாங்க வந்த தச்சர் ஒருவர் நின்றார். எதிர்ச்சாரியிலிருந்து இரண்டு பேர். நாலு பேர் சேர்ந்தாயிற்று.

சாவி தொண்டையைச் செருமிக்கொண்டார். "வளாகத்துல... வாசல் அமைப்புல ஒரு சின்னக் குறை இருந்தது. ஒத்துக்கறேன்."

"இதை எடுத்துட்டுப் போய் வேற கடையில காட்டுங்க," என்றாள் ஆணியம்மா.

"சரி. விலைப் பலகை வச்சது தப்பு."

"பலகை என்னங்க பண்ணும்? அது பாட்டுக்குத் தொங்குது," என்றார் கயிற்றுக்கடைக்காரர். "இன்னும் கொஞ்சம் மேல வாங்க."

"மாடிக்கு ஒரு கடைன்னு பிரிச்சது தப்பு."

"யாரு பிரிச்சது?"

"அதிகாரிங்கதான்..."

"அதிகாரி யாரும் எங்கிட்ட இடம் கேட்டு வரலை," என்றாள் ஆணியம்மா. தச்சருக்கு ஆணிப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தாள். "அடுத்த ஆளு?"

சாவிக்குச் சுள்ளென்று வந்தது. தலைவர் போட்ட வரம்பை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். இவர்கள் ஏதோ ஓசிக்கு வாங்குவதுபோலப் பேசுகிறார்களே! "வேண்டாம்னா விடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மெதுவாகத்தான் நடந்தார். பாத்திரக் கடை தாண்டியது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாளியை எடுத்து விலை பார்ப்பதுபோல நின்றார். பின்னால் கயிற்றுக்கடைக்காரர் எதற்கோ சிரிப்பது கேட்டது, அவ்வளவுதான். வாளிக்காரர் தாழ்ந்த குரலில், "கூப்பிட மாட்டாங்க தம்பி. நீங்களே திரும்ப அவங்ககிட்டப் போயிடுங்க, அதான் மரியாதை" என்றார்.

சாவி வாளியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏறியும் இறங்கியும் அலுத்துப்போன முகம்.

ஆணியம்மா இந்த முறை தராசைக் கீழே வைத்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நீ இந்தத் தெருவுல தவழ்ந்த புள்ள. உங்கப்பன் மடியில உக்காந்து வியாபாரம் பாத்தவன். கையெழுத்துப் போடறப்ப, இது விளங்காதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தச்சர் கையில் போன். அதன் கண் சாவியைப் பார்த்தது. தெரியாது என்று சொல்லலாம். இந்தத் தெருவில் ஒரு குழந்தைகூட நம்பாது. தெரியும் என்றால் சாயங்காலத்துக்குள் நாடே பார்க்கும்.

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா போட்ட?"

"அன்னிக்கு அந்த அறையில எல்லாரும் ரொம்பச் சந்தோஷமா இருந்தாங்கம்மா. தலைவர் அந்த மாதிரிக் கட்டடத்தை, அட்டையில செஞ்சிருந்தாங்களே, அதைக் குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கி வச்சுக்கிட்டு எல்லாருக்கும் காட்டினாரு. நான் வாயைத் திறந்தா அது போயிடும். திறக்கலை." மூச்சு விட்டுக்கொண்டார். "அதைக்கூட விடுங்க. யாரும் வரலைன்னதும், வியாபாரம் ஆகாதுன்னு தெரிஞ்சே எங்க அத்தானைக் கூட்டிட்டுப் போனேன். பில்டிங் காலியா இருக்குன்னு யாரும் என்னைக் கேக்கக் கூடாதுன்னு. அவரு போகட்டும், நான் பேர் கெடாம தப்பிச்சுக்கறேன்னு. என்மேலதான் தப்பு. முழுசா."

கயிற்றுக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். இவ்வளவு கொடுப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

ஆணியம்மா எழுந்தாள். "சைக்கிள்காரரே, டேப்பைச் சுருட்டுங்க. உங்களுக்கு அந்தக் கோடியில பாத்துத் தரேன். இந்தா, நீ என்ன வேடிக்கை பாக்கறே? மூட்டையைப் பிடி. அமைச்சருன்னா முதுகு வளையாதா?"

அவர் மூட்டையைப் பிடித்தார். ஆணி மூட்டையின் கனம் மறந்தே போயிருந்தது. இத்தனை வருஷமாக ரிப்பனும் கத்தரிக்கோலும் தவிர அவர் கையில் எதைக் கொடுத்தார்கள்?

வெயில் தாழ்ந்த நேரத்தில் தலைவரின் போன் வந்தது. சாவி கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே எடுத்தார்.

"எவ்வளவுக்கு முடிச்ச?"

"அவங்க கேட்ட விலைக்கேதான் தலைவரே."

"தெருக்காரன்னு வெளியில சொல்லிக்காத." பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "முதல் வரியை நானே வாசிச்சேன். வாசிச்சு நிமிர்றதுக்குள்ள எல்லார் கையிலயும் போன், போன்ல உன் மூஞ்சி. ஒருத்தரும் கேள்வி கேக்கலைய்யா. சிரிக்கக்கூட இல்லை. மேல வாசிங்கன்னாங்க. அதுதான் ஒரு மாதிரியா இருந்தது."

"கோவமா தலைவரே?"

"கோவப்பட்டா மட்டும் என்ன, உன்னைப் பதவியை விட்டு எடுக்கவா போறேன்?" என்றார். பிறகு, "நெசமாவே அன்னிக்கு நான் அவ்வளவு சந்தோஷமாவா இருந்தேன்?"

"ஆமா தலைவரே."

"ம். சொல்லியிருந்தா உன்னைக் கடிச்சுக் குதறியிருப்பேன்." வைத்துவிட்டார்.

தெரு விளக்குகள் எரியத் தொடங்கியபோது ஒரு சின்ன வேன் வந்து நின்றது. அத்தான் முன்னாலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே இடத்துக்குள் போய் நின்றார். கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தார். முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் குறுகலாகத்தான் இருந்தது. வழக்கம் என்னதான் இருந்தாலும் மூட்டை நகர்ந்து நகர்ந்து இடம் பிடிக்கத்தானே செய்யும். அத்தான் குறை சொல்லவில்லை. "காத்து வருது," என்றார்.

அக்கா பின்பக்கம் நின்று பூட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். சாவி போய்ப் பக்கத்தில் நின்றார். அவள் ஒரு பெட்டியின் ஒரு முனையை அவர் பக்கம் தள்ளினாள். இருவருமாகத் தூக்கினார்கள்.

"நாளைக்கு உனக்கு வேலை வெட்டி ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

"அத்தானுக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரொம்ப நாளாத் தள்ளிப்போட்டுட்டாரு. காலைல ஏழு மணிக்கு நீ வந்து கடையைத் திற."

"எட்டு மணிக்கு வரட்டுமா? காரை இன்னிக்கே ஒப்படைச்சிடணும், பஸ் பிடிச்சு வரணும்."

"ஏழு."

"சரிக்கா. விலையெல்லாம் மறந்துபோச்சே, எப்படி விக்கறது?"

"பக்கத்துக் கடையில கேட்டுச் சொல்லு." பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அமைச்சரா இருந்த நெனப்புல யாருக்கும் எதையும் சும்மா தூக்கிக் குடுத்துடாத."